அலமாரி யாருடையது?

சென்ற பௌர்ணமிக் கூட்டம் முடிந்து எல்லோரும் கலையும் வேளையில், நம் சங்கத்து இளைஞர் ஒருவர் எழுந்து ஒரு வினாவை என் முன் வைத்தார். "ஐயா, ஞாயிறுதோறும் நாம் நூல்நிலையத்திற்குச் சென்று தொண்டு செய்கிறோம். பிறப்பினால் உயர்வு தாழ்வு உண்டென்று கூறும் நூல்களையும் நம் கையாலேயே தூசு தட்டிப் பசை தடவி அடுக்குகிறோம். இது நாம் ஏற்ற உறுதிமொழிகளுக்கு முரண் அல்லவா? அந்நூல்களை எடுத்து மூலையில் கட்டிப் போட்டுவிட்டால் என்ன?" என்றார். அவர் குரலில் கோபம் இருந்தது. ஆனால் அது பொய்க் கோபம் அன்று. கூட்டத்தில் பாதிப்பேர் அவர் பக்கம் தலையசைத்தனர். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் ஆயின் யானும் தலையசைத்திருப்பேன்.

அன்றிரவு அவருக்கு யான் தக்க விடை கூறவில்லை. "பிறகு பேசுவோம், தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த வினா ஒரு மாதமாக என்னை விட்டு அகலவில்லை. ஆதலின் அதனை அன்பர்கள் அனைவர் முன்னும் வைத்து எண்ணிப் பார்க்க விழைகிறேன்.

முதலில், நாம் தொண்டு செய்யும் இடம் எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். ஐதராபாத் நகரில் நூல்நிலையம் என்பது அரசன் கொடுத்த கொடையாக மட்டும் வளர்ந்ததன்று. நிஜாம் ஆட்சியில் 1891ஆம் ஆண்டு ஆசபியா நூல்நிலையம் தோன்றியது உண்மையே. மூசி ஆற்றங்கரையில் அப்சல்கஞ்சில் இன்று நாம் காணும் பெருங்கட்டடத்திற்கு அது 1936இல் வந்தது. இப்பொழுது அதுவே மாநில மத்திய நூல்நிலையம். அரபி, பாரசீகம், உருது ஆகிய மொழிகளின் அரிய ஏட்டுச் சுவடிகளைத் திரட்டிய இடம் அது. ஆயினும், கடைத்தெருவில் தெலுங்கு பேசி வாழ்ந்த எளிய மனிதனுக்கு அதன் படிகள் உயரமானவை.

அவனுக்காக எழுந்தது வேறொரு நிலையம். 1901ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், இரவிசெட்டு ரங்காராவ் என்பாரின் இல்லத்தில் ஸ்ரீ கிருஷ்ணதேவராய ஆந்திர பாஷா நிலையம் தொடங்கப்பெற்றது. கொமர்ராஜு லட்சுமணராவ் போன்ற அறிஞரும், முனகால ஜமீன்தார் நாயனி வெங்கடரங்காராவ் போன்ற செல்வரும் அதில் கைகொடுத்தனர். ஆட்சிமொழி உருது, தாய்மொழியில் பயில்வதற்குப் பள்ளிகள் மிகச் சில. அந்நிலையில், தத்தம் வீட்டு நூல்களையும் கைப்பொருளையும் கொண்டுவந்து ஓர் அறையில் குவித்துச் சிலர் நடத்திய அந்நிலையம் இன்றும் சுல்தான் பஜாரில் இருக்கிறது. 1904இல் ஹனுமகொண்டாவிலும் இத்தகைய நிலையம் ஒன்று எழுந்தது. பின்னர்ச் சிற்றூர்கள் பலவற்றிற்கும் அது பரவியது. பொதுக்கூட்டம் கூட்டுவதற்கே ஆட்சியின் இசைவு வேண்டியிருந்த காலத்தில், படிப்பதற்கென்று கூடிய மக்கள் பேசவும் எண்ணவும் கற்றுக்கொண்டது இந்த அறைகளில்தான்.

இதனைக் கூறும்போது வட்டிகோட்டை ஆழ்வாருசாமியைக் கூறாமல் செல்ல எனக்கு மனம் ஒவ்வவில்லை. இவர் பிறர் வீடுகளில் சமையல் வேலை செய்தும், உணவுவிடுதியில் பரிமாறியும், அச்சகத்தில் பிழை திருத்தியும் வாழ்ந்தவர். பள்ளிப் படிப்பு மிகச் சிறிதே. 1938இல் தேசோத்தாரக கிரந்தமாலை என்னும் நூல்வெளியீட்டைத் தொடங்கி, அச்சான நூல்களைத் தாமே சுமந்து ஊர் ஊராகச் சென்று விற்றார். சிறைப்பட்ட காலத்திலும் உடனிருந்த கைதிகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். 1961இல் மறைந்தார். கையில் ஏடும் தலையில் சுமையுமாக ஒருவர் நடந்தார் என்பதை எண்ணுகையில், வாரத்தில் மூன்று மணி நேரம் அலமாரி துடைத்துவிட்டு அதனைத் தொண்டு என்று நாம் கூறிக்கொள்வது சற்றே நாணத்தைத் தருகிறது.

இந்நகரில் நம்மவர் செய்ததும் உண்டு. பாக்கியரெட்டி வர்மா (1888–1939) 1906இல் ஜகன்மித்திர மண்டலியைத் தொடங்கிச் சேரிதோறும் கதை சொல்லியும் பாடியும் மக்களைத் திரட்டினார். ஒடுக்கப்பட்ட குழந்தைகளுக்கென 20க்கு மேற்பட்ட பள்ளிகளை நண்பர்களுடன் நடத்தினார். புத்தர் பிறந்த நாளை இந்நகரில் விழாவாகக் கொண்டாடச் செய்தவரும் அவரே. நூல்நிலையம் வைத்தவர்கள் எழுத்தறிந்தவனுக்கு நூல் கொடுத்தனர். வர்மா நூலைத் தொடுவதற்கே தடைபட்டிருந்தவனுக்கு எழுத்துக் கொடுத்தார். இரண்டும் சேர்ந்தாலன்றி வாசகன் உண்டாவதில்லை.

தொண்டர் நடத்திய நிலையங்களுக்குப் பின்னரே சட்டம் வந்தது. சென்னை மாகாணத்தில் 1948இலும், ஐதராபாத் மாநிலத்தில் 1955இலும், ஆந்திரப் பிரதேசத்தில் 1960இலும் பொது நூல்நிலையச் சட்டங்கள் இயற்றப்பட்டன. சொத்து வரியுடன் நூல்நிலைய வரியும் சேர்த்து வாங்கப்படுகிறது. இங்கு அது ரூபாய்க்கு 8 காசு. ஓட்டுவீட்டுக்காரரும் மாளிகைக்காரரும் தத்தம் அளவில் கட்டுகின்றனர். கொண்டாபுரத்து மாளிகைக்காரர் நூல்நிலையத்திற்குள் வருகிறாரா என்பது வேறு செய்தி! சொல்ல வந்தது யாதெனில், அந்த அலமாரியின் ஒவ்வொரு பலகையும் எல்லோர் காசிலும் செய்யப்பட்டது. நம் காசும் அதில் உண்டு. இராமநவமிக்குப் பந்தல் போடுகிறவர் காசும் உண்டு. ரமலான் நோன்பிருப்பவர் காசும் உண்டு.

இனி இளைஞரின் வினாவிற்கு வருவோம்.

மச்சிம நிகாயத்தில் உபாலி என்னும் இல்லறத்தாரின் வரலாறு வருகிறது. அவர் நாளந்தாவில் வாழ்ந்த செல்வர். நிகண்டர் எனப்பட்ட சமணத் துறவிகளின் தலைமையான அடியவர். பகவன் புத்தரை வாதில் வெல்லப் போகிறேன் என்று புறப்பட்டுச் சென்றவர், கேட்டுத் தெளிந்து அவருக்கே அடியவராகிவிட்டார். இத்தகைய வெற்றி நம் போன்ற பிரசாரகர்களுக்குக் கிட்டினால் அன்று இரவே துண்டறிக்கை அச்சடித்துவிடுவோம். பகவன் செய்தது யாது? உடனே ஏற்றுக்கொள்ளவில்லை, நன்கு ஆராய்ந்து முடிவு செய் என்றார். பின்னரும், நிகண்டர்கள் நெடுங்காலமாக உன் வீட்டு வாயிலை நம்பி வருகிறவர்கள், அவர்களுக்கு இடும் அன்னத்தை நிறுத்திவிடாதே என்று அறிவுறுத்தினார். தம்மிடம் வந்தவனைக்கொண்டு மாற்றாரின் பசியை வளர்க்க அவர் விரும்பவில்லை.

மதம் மாறியவர்களாகிய நமக்கு இதைவிட நெருங்கிய கதை வேறொன்றில்லை. உபாலி தம் கொள்கையை மாற்றிக்கொண்டார். தம் வாயிலை அடைக்கவில்லை.

இதனை மறு ஞாயிறு அந்த இளைஞரிடம் கூறினேன். அவர் சற்றும் தயங்காமல், "ஐயா, சோறு எவனையும் இழிவு செய்வதில்லை. நூல் இழிவு செய்கிறது. நிகண்டர்களுக்கு உபாலி இட்டது சோறு. என் பாட்டனைத் தெருவில் நடக்கவிடாத சொற்களை யான் ஏன் பேண வேண்டும்?" என்றார்.

அன்பர்களே, இது நல்ல விடை. இதற்கு விடை கூறாமல் பொறுமையைப் போதிப்பது அறமாகாது. நம்மிடம் பொறுமையைப் போதித்தே பல நூற்றாண்டுகள் கழிந்தன.

அண்ணல் அம்பேத்கர் 1927ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் மகாட் என்னும் ஊரில் மனுஸ்மிருதியை எரிக்கச் செய்தார் அல்லவா என்று அவர் தொடர்ந்து கேட்டார். ஆம், எரித்தார். அதனை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. ஆனால் எவ்வாறு எரித்தார்? பட்டப்பெயரின்றி, முகமூடியின்றி, ஊரறிய, நாள் குறித்து, இன்ன காரணத்திற்காக என்று கூறி எரித்தார். அது ஓர் ஊரின் பொதுச் சொத்தைப் பிறர் படிக்காதவாறு அழித்த செயல் அன்று. நம்மேல் சட்டம் போல் சுமத்தப்பட்ட ஒன்றை இனி ஏற்கமாட்டோம் என்று அறிவித்த செயல். அதற்குப் பின் அவர் என்ன செய்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பம்பாய் தாதரில் ராஜகிருகம் என்னும் வீட்டை நூல்களுக்கு இடம் வேண்டும் என்பதற்காகவே கட்டினார். ஸ்மிருதிகளையும் புராணங்களையும் வரிவரியாகக் கற்றார். 1946இல் வெளிவந்த சூத்திரர் யார் என்னும் நூலைப் பாருங்கள். எந்த ஏடுகள் நம்மைத் தாழ்த்தினவோ அந்த ஏடுகளையே சாட்சிக்கூண்டில் ஏற்றி நிறுத்திக் கேள்வி கேட்கிறார். அந்த ஏடுகள் அவர் கைக்கு எட்டாமல் எவரேனும் கட்டி மூலையில் போட்டிருந்தால், அந்த நூல் எங்கிருந்து பிறந்திருக்கும்?

இங்கு இன்னொன்றைக் கூற வேண்டும். கூறுவதற்கு எனக்கே கடினமாக இருக்கிறது. ஆயினும் பௌத்தர் ஏட்டில் பௌத்தர் கூறாவிடின் வேறு யார் கூறுவர்?

நம் ஐதராபாத் பாஷா நிலையத்தைப் போலவே தனிமனிதர் ஒருவரின் இல்லத்தில் தொடங்கிய நூல்நிலையம் ஒன்று கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் இருந்தது. 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டில் இருந்த நூல்களை ஊர் இளைஞருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஊர்ப் பெரியவர்கள் கூடிக் குழு அமைத்தனர். பின்னர் நகராட்சி அதனை ஏற்றது. ஊரார் காசு சேர்த்தனர். 1959இல் அழகிய கட்டடம் திறக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் தொடங்கிய வன்செயலில் அந்த நூல்நிலையம் தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அந்த வன்செயலில் ஈடுபட்டவருள் காவல்துறையினரே இருந்தனர் என்பது உலகறிந்த செய்தி. அந்நாட்டின் பெரும்பான்மையோர் வணங்கும் திருவுருவம் எது? நம் இல்லத்துச் சுவரில் நாம் மாட்டியிருக்கும் அதே திருவுருவம்.

யான் பிரசாரகனான புதிதில், ஒரு கூட்டத்தில் ஒருவர் எழுந்து இதனைக் கேட்டார். "அவர்கள் உண்மையான பௌத்தர் அல்லர்" என்று கூறி அமர்ந்துவிட்டேன். அந்த விடையில் பொய் இல்லை. ஆனால் கேட்டவருக்கு அது போதவில்லை என்பதை அவர் முகத்தில் கண்டேன். இப்பொழுது எனக்குத் தோன்றுவது இது: பெளத்தம் என்னும் பெயர் எவரையும் தானே தூய்மை செய்துவிடுவதில்லை. எங்கே 'இந்த இடம் எமது, இங்கே எமது சொல்லே இருக்க வேண்டும்' என்னும் பற்று தோன்றுகிறதோ, அங்கே அணிந்திருப்பது எந்நிற ஆடையாயினும் தீயின் பொறி இருக்கிறது. அசோகப் பேரரசர் தம் பன்னிரண்டாம் பாறைக் கல்வெட்டில், தன் சமயத்தின் மேல் கொண்ட பற்றினால் பிற சமயத்தைப் பழிப்பவன் தன் சமயத்திற்கே கேடு செய்கிறான் என்னும் கருத்தைப் பொறித்து வைத்தார். அந்தப் பாறைக் கல்வெட்டுகளின் ஒரு படி, இங்கிருந்து தெற்கே கர்நூல் மாவட்டத்து எர்ரகுடியில் இன்றும் இருக்கிறது. ஒரு முறை சென்று பார்த்து வந்தால் நன்று. வெயில் காலத்தில் மட்டும் போக வேண்டாம்.

"எரித்தவனையும் எம்மையும் ஒன்றாக்குகிறீர்களா ஐயா?" என்று அந்த இளைஞர் கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. இல்லை, தம்பி. அதிகாரம் உள்ளவன் ஒரு மக்களின் நினைவை எரிப்பதும், அதிகாரம் அற்றவன் தன்னை இழித்த சொல்லைக் கண்டு வெகுள்வதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே தராசில் வைப்பவன் அநீதி செய்கிறான். ஆயினும், அலமாரியின் சாவி நம் கையில் இருக்கும் அந்த மூன்று மணி நேரத்தில் அதிகாரம் உள்ளவன் யார்? நாமே. மிகச் சிறிய அதிகாரம்தான். நாம் எத்தகையவர் என்பது அந்தச் சிறிய அதிகாரத்திலேயே தெரிந்துவிடும்.

என் குற்றத்தையும் ஈண்டுக் கூறிவிடுகிறேன். செகந்திராபாத் பக்கம் நாம் தொண்டு செய்யும் கிளை நூல்நிலையத்தில் தமிழ் நூல்கள் இரண்டு அடுக்குகளே உள்ளன. கன்டோன்மென்ட்டுக்கும் ரயில்வே வேலைக்கும் வந்து குடியேறிய நம் முன்னோர் காலத்துப் பழைய நூல்கள் சில; பிற்காலத்தில் அன்பர்கள் கொடுத்தவை சில. ஐந்து ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்தின் சார்பில் 40 நூல்களைக் கொண்டு சேர்த்தோம். அண்ணலின் புத்தரும் அவர் தம்மமும், அயோத்திதாச பண்டிதரின் எழுத்துகள், கோலார் தங்கவயல் அப்பாதுரையாரின் புத்தரது அருளறம் ஆகியவை அவற்றுள் அடங்கும். ஒவ்வொரு நூலிலும் முதற்பக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று சங்கத்து முத்திரையை யானே அழுந்தக் குத்தினேன். அவை கண்மட்டத்து அடுக்கில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தி வைத்தேன். தமிழ்நாட்டு நூல்நிலையங்களில் 1,000 ரூபாய் செலுத்திப் புரவலர் ஆனவர் பெயர்களைப் பலகையில் எழுதி மாட்டியிருப்பதைக் கண்டு நகைத்தவன் யான். அந்தப் பலகைக்கும் என் முத்திரைக்கும் வேற்றுமை யாது?

சென்ற ஆண்டு கணக்கெடுக்கும்போது நம் நூல்களைத் திறந்து பார்த்தேன். பெரும்பாலானவற்றில் உள்ளே ஒட்டிய தேதிச்சீட்டு வெறுமையாக இருந்தது. ஐந்து ஆண்டுகளில் ஒருவரும் எடுத்துச் செல்லவில்லை. கீழடுக்கில் அட்டை கிழிந்து கிடந்த இராமாயண வசனத்தின் சீட்டிலோ தேதி குத்த இடமில்லை. மேலும் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. அன்று எனக்கு எழுந்த சினம், இன்று அந்த இளைஞருக்கு எழுந்த சினமே. ஆனால் என் சினத்தை உரித்துப் பார்த்தபோது அதற்குள் அறம் இல்லை. தோற்றவனின் பொறாமைதான் இருந்தது. நம் நூலை மக்கள் எடுக்கவில்லை என்றால், மற்ற நூலை ஒளித்து வைப்பதா வழி? நாம் எவரிடமாவது அந்த நூலைப் பற்றி ஒரு சொல் பேசினோமா? ஒரு பக்கத்தையேனும் படித்துக் காட்டினோமா? கொடுத்தோம், முத்திரை குத்தினோம், வந்துவிட்டோம்.

தானத்தைப் பற்றிப் பகவன் கூறுகையில், கொடுப்பதற்கு முன்னும், கொடுக்கும் போதும், கொடுத்த பின்னும் மனம் தெளிந்திருத்தல் வேண்டும் என்கிறார். முதல் இரண்டும் எளியவை. மூன்றாவதில்தான் நாம் வழுக்கி விழுகிறோம். கொடுத்த பின்னும் அப்பொருளின் பின்னே நம் மனம் சென்றுகொண்டே இருக்கிறது. எங்கே வைத்தார்கள், யார் எடுத்தார்கள், நம் பெயரைப் பார்த்தார்களா என்று. சோறு கொடுத்தால் அது உண்டவனின் உடம்பாகிவிடுகிறது. திரும்பக் கேட்க முடியாது. நூல் அலமாரியிலேயே நிற்கிறது. ஆதலின் 'எனது' என்னும் எண்ணம் அதனை விட்டு எளிதில் நீங்குவதில்லை. மணிமேகலையின் கையில் இருந்த அமுதசுரபி, உண்ண வந்தவன் யார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது வெறும் பிச்சைப் பாத்திரமே.

மற்றொரு வினாவையும் சிலர் எழுப்புகின்றனர். வரி வாங்கும் அரசு செய்ய வேண்டியதை நாம் ஏன் செய்ய வேண்டும் என்பது அது. இதில் நியாயம் உண்டு. சிக்கடபள்ளியிலும் அப்சல்கஞ்சிலும் உள்ள பெரிய நூல்நிலையங்களுக்குச் சென்று பாருங்கள். அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் நாள் முழுதும் நெருக்கி அமர்ந்து படிக்கின்றனர். அவர்களுக்கு இருக்கையும் விளக்கும் கழிப்பறையும் தருவது தொண்டர் வேலையன்று. வரி வாங்கியவர் கடமை. அதனைக் கேட்டு மனு எழுதுவதும் நூல்நிலையத் தொண்டே. துடைப்பம் பிடித்த கை எழுதுகோலும் பிடிக்கட்டும். இதைப் பற்றி இவ்வளவு போதும்.

அந்த இளைஞர் என் கூற்றை முழுதும் ஏற்றாரா என்று கேட்டால், இல்லை. மனுதரும சாத்திரத்தின் தமிழாக்கத்தைத் தம் கையால் தொடமாட்டேன் என்றார். மற்றவற்றைச் செய்கிறேன் என்றார். யானும் வற்புறுத்தவில்லை. அந்த நூலை யான் துடைத்து, அண்ணலின் நூல்களுக்கு அருகில் வைத்தேன். ஒன்றைப் படிப்பவன் மற்றதையும் காணட்டும் என்பது என் எண்ணம். அதிலும் என் விருப்பம் கலந்திருக்கிறதோ என்னும் ஐயம் எனக்கு உண்டு. நூல்நிலைய அலுவலர் நாளை வந்து எண் வரிசைப்படி மாற்றி வைப்பாரானால் அவர் செய்வதே முறை. சங்கத்து முத்திரையையும் சென்ற மாதம் நிறுத்திவிட்டோம்.

வயது முதிர்ந்த ஓர் அம்மையார் வாரந்தோறும் அங்கு வருவார். கண் மங்கியவர், பேத்தி படிக்க இவர் கேட்பார். அந்த இராமாயண வசனம் இவருக்காகத்தான் வெளியே போய்வந்துகொண்டிருந்தது என்பதைச் சென்ற வாரமே அறிந்தேன். நூலின் முதுகு பிரிந்துவிட்டது. தாள்கள் கையோடு வருகின்றன. நூற்பாலையில் இழை அறுந்தால் ஓடிச்சென்று ஒட்டிப் பழகிய விரல்கள் இவை. தாளை அடுக்கி, ஊசியால் தைத்து, மைதாப் பசை தடவி, புது அட்டை வைத்துக் கனமான அகராதி இரண்டை அதன்மேல் ஏற்றி வைத்திருக்கிறேன். "எப்பொழுது கிடைக்கும், அண்ணா?" என்று பேத்தி கேட்டாள். பசை காய இரண்டு நாள் ஆகும், புதன்கிழமை பாட்டியை அழைத்து வாம்மா என்று சொல்லியிருக்கிறேன்.